கறுப்பு வளையத்துக்கு வெளியே

பழவேற்காட்டு ஏரியில் ஒரு ஜனவரி காலை. ஏழரை மணி இருக்கும். கரையிலிருந்து கால் கிலோமீட்டர் தள்ளிப் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. நண்பர் இரவல் கொடுத்த டெலஸ்கோப்பை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்வில்லையில் என் கைபேசியை ஒரு பிளாஸ்டிக் பிடிப்பானால் மாட்டிவிட்டு நான் குனிந்திருந்தேன். வட்டத்துக்குள் ஏழெட்டுப் பறவைகள். நல்ல வெளிச்சம். விரலை வைக்கப் போகும் நேரத்தில் பறவைகளுக்கும் எனக்கும் நடுவில் கலங்கலாக ஒரு முதுகு நுழைந்தது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் இருளர் பெண் ஒருவர். தண்ணீரில் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டு வருகிறார். வாயில் கவ்விய பறி.

"அக்கா, கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா? படத்துல விழறீங்க" என்றேன்.

அவர் பறியை வாயிலிருந்து எடுத்தார். "நா எங்க சார் போறது? எறா இங்கதான கீது" என்றார். திரும்பப் பறியைக் கவ்விக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

'படத்துல விழறீங்க' என்று நான் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேறு யாராவது சொல்லியிருந்தால் மேட்டுக்குடிப் பார்வை, அதிகாரத்தின் கண் என்று நாலு பக்கம் எழுதித் தள்ளியிருப்பேன். சொன்னது நான். அதுவும் அதட்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாக, 'அக்கா' போட்டுச் சொன்னேன். அப்படியானால் அந்த வாக்கியத்தை என் வாயில் வைத்தது எது? என் வர்க்கமா, என் படிப்பா, அல்லது நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கருவியா? மூன்றும்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் கருவியைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் பேசுவதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வேலைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். டெலஸ்கோப்பின் கண்வில்லையில் நம் கண் இருக்க வேண்டிய இடத்தில் டிஜிட்டல் கேமராவின் கண்ணை வைப்பது, அவ்வளவுதான் சங்கதி. 1999இல் மலேசியப் பறவை நோக்கர் லாரன்ஸ் போ தன் சிறிய டிஜிட்டல் கேமராவை டெலஸ்கோப்பில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். எதிர்பாராத தெளிவோடு படம் விழுந்தது. ஏறக்குறைய தற்செயல். பிரெஞ்சுக்காரர் அலன் ஃபோஸே அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் இதற்கென்றே தேடி வாங்கப்பட்ட கேமரா நிக்கான் கூல்பிக்ஸ் 950. இரண்டு மெகாபிக்சல்தான், இன்று குழந்தைகள் கையில் கிடக்கும் கைபேசிக்குக்கூட உறை போடக் காணாது. ஆனால் அதன் லென்ஸ் சின்னது, ஜூம் செய்தால் வெளியே நீட்டிக்கொள்ளாது, உடம்பு நடுவில் திருகிக்கொள்ளும். விற்றவர்கள் யோசிக்காத ஒரு காரியத்துக்கு அதன் உடலமைப்பு பொருந்திப் போயிற்று.

கணக்கு எளிது. கேமராவின் குவியத் தூரத்தை டெலஸ்கோப்பின் உருப்பெருக்கத்தால் பெருக்க வேண்டும். அந்த கூல்பிக்ஸின் முழு ஜூம் பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 115 மில்லிமீட்டர். 20 மடங்கு டெலஸ்கோப்பில் வைத்தால் 2300 மில்லிமீட்டர். அவ்வளவு நீளக் குவியத் தூரமுள்ள கேமரா லென்ஸை வாங்க வேண்டுமென்றால் நம்மில் பலர் வீட்டை விற்க வேண்டும். விற்றாலும் அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க முடியாது. அந்த வகையில் இது ஏழைகளின் வழி. பரம ஏழைகளின் வழி என்று சொல்லமாட்டேன், டெலஸ்கோப்பும் காசுதான். ஆனாலும் படமெடுக்கும் உரிமை பீரங்கி லென்ஸ்காரர்களிடமிருந்து கொஞ்சம் கீழே இறங்கியது உண்மை.

பெருக்கும்போது பறவை மட்டும் பெருகாது. கையின் நடுக்கம் பெருகும், காற்று பெருகும், முக்காலியின் ஒரு கால் மணலில் புதைவது பெருகும். வெயில் ஏறிவிட்டால் சேற்றிலிருந்து எழும் கானல் பெருகும். எந்த லென்ஸாலும் அதைச் சரிக்கட்ட முடியாது, பறவை தண்ணீரில் கரைந்ததுபோல் நெளியும். பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவதற்கும் நடுவில் அந்தக் காலக் கேமராக்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் உள்ளான் நாலு அடி ஓடிவிட்டிருக்கும். பறக்கும் பறவை இதில் சிக்குவது அபூர்வம். ஆகவே டிஜிஸ்கோப் படங்களில் பறவைகள் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் அந்தக் கறுப்பு வளையம். கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளி ஒரு மெல்லிய கற்றையாகத்தான் வரும். 77 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட டெலஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் கற்றையின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு; 60 மடங்குக்குப் போனால் ஒண்ணேகால் மில்லிமீட்டர் சொச்சம். அந்தக் கற்றை விழும் இடத்தில் கேமராவின் கண் நேராக உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் ஒரு பக்கம் இருட்டும். நேராக உட்கார்ந்தாலும், கேமராவின் பார்வை கண்வில்லையின் பார்வையைவிட அகலமாக இருந்தால் படத்தின் நடுவில் வெளிச்ச வட்டமும் அதைச் சுற்றிக் கறுப்பும் வரும். கொஞ்சம் ஜூம் செய்தால் வளையம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அல்லது பிறகு கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிடலாம். எல்லோரும் வெட்டித்தான் எடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே வளையத்தை ஒழிப்பது எப்படி என்பதுதான். இந்த வெட்டைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

கேமராவும் துப்பாக்கியும் ஒன்று என்று இந்த இடத்தில் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சூசன் சோன்டாக், 1977இல் வெளிவந்த புகைப்படம் பற்றிய தன் நூலில், ஆப்பிரிக்க வேட்டைப் பயணங்களில் துப்பாக்கி இருந்த கையில் கேமரா வந்து உட்கார்ந்ததைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது நமக்கு ஒரு மந்திரம். நம் நாட்டிலும் அதற்குச் சான்று இல்லாமலில்லை. காங்கிரஸ் தோன்றிய 1885ஆம் ஆண்டிலேயே, அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் சுட்டும் சுடவைத்தும் சேர்த்த எண்பதாயிரத்தை ஒட்டிய பறவைப் பொருட்கள் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கப்பலேறின. 1938 நவம்பரில் பரத்பூரில் வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்த எண்ணைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாலிம் அலியும் சுட்டுத் தோலுரித்துத்தான் பறவைகளைக் கற்றார். அன்றைய பறவையியலின் முறையே அதுதான்.

ஆனால் டிஜிஸ்கோப்புக்கு இந்த மந்திரம் பொருந்தாது. துப்பாக்கியும் சரி, பெரிய லென்ஸ்காரர்களின் வழக்கமும் சரி, பறவையை நெருங்குவதில் இருக்கிறது. இரை போட்டு வரவழைப்பது, குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு ஏமாற்றுவது, கூட்டை மறைத்திருக்கும் கிளையை ஒடித்துவிட்டுக் குஞ்சுக்கு ஊட்டுவதைப் படமெடுப்பது. ஒடித்த கிளையின் இடைவெளி வழியாகக் காகமும் பருந்தும் பின்னால் வரும். படம் மட்டும் பரிசுக்குப் போகும். டெலஸ்கோப்காரனுக்கு இது எதுவும் தேவையில்லை. அவன் தூரத்தில் நிற்கிறான். அவன் நிற்பதே பறவைக்குத் தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. தொடாமல், விரட்டாமல், பார்த்துவிட்டுப் போகிறான். இந்த விலகலில் ஒரு நாகரிகம் இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

எனக்குச் சிக்கல் அந்தத் தூரத்திலேயே இருக்கிறது. கால் கிலோமீட்டர் தூரம் வெறும் காற்று இல்லையே. அங்கே தண்ணீர் இருக்கிறது, சேறு இருக்கிறது, வலைக்குச்சி, ஓட்டைப் படகு, இறால் துழாவும் கை இருக்கிறது. டெலஸ்கோப் அந்த நடுநிலத்தைத் தாண்டிக் குதித்துப் பறவையிடம் போய் நிற்கிறது. நடுவில் உள்ளதெல்லாம் குவியத்துக்கு வெளியே கலங்கி மறைகிறது. பறவைக்குப் பின்னால் இருப்பதும் சாம்பல் பச்சையாகக் குழைந்துவிடுகிறது. 'பின்புலம் அருமையாகக் கரைந்திருக்கிறது' என்று பாராட்டுவார்கள். தமிழில் பின்புலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இந்தப் படங்களில் இரண்டுமே கரைந்துபோகின்றன. காலண்டரில், தபால்தலையில், வனத்துறை விளம்பரப் பலகையில் நாம் காணும் பறவை எங்கேயும் இல்லாத ஒரு பறவை. அதற்கு ஊர் கிடையாது, எதிரி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது.

எம்.ஏ. தமிழ் படித்த புத்தி எங்கே போகும்? தொல்காப்பியத்துக்குத்தான் போகும். திணை பற்றி மேடைதோறும் பேசிப் பேசி அதை ஒரு சுற்றுச்சூழல் கோஷமாக ஆக்கிவிட்டோம். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. ஆனால் கருப்பொருள் பட்டியலை ஒருமுறை சும்மா படித்துப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பறவை அங்கே பறைக்குப் பக்கத்தில், செய்தியாக வரும் தொழிலுக்கு அடுத்த வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. அது ஒரு வரிசை. வரிசையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தனியே காட்டினால் அதற்குத் திணை இல்லை. நெய்தலின் பறவையைச் சொன்னால் மீன் உணக்குவதும் உப்பு விளைப்பதும் கூடவே வந்து நிற்கும். நம் டிஜிஸ்கோப் படத்தில் தொழிலும் உணவும் வெட்டுப்பட்டு, பறவை மட்டும் மிச்சம்.

இது வெறும் அழகியல் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். இப்படிப் பார்க்கப் பழகிய கண்தான் சட்டமும் போடுகிறது. வேட்டைக் கல்வெட்டு நிற்கும் அதே பரத்பூருக்கு மறுபடி போவோம். 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. 1982 நவம்பரில் மாடு மேய்க்கத் தடை. தலைமுறை தலைமுறையாக எருமை ஓட்டிக்கொண்டுவந்த சுற்றுவட்டாரக் கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மகாராஜாக்களின் வாத்து வேட்டைக்காகப் பராமரிக்கப்பட்ட இடத்தில், பறவைகளைக் காப்பதற்காக மனிதர்கள் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. எருமைகள் இல்லாமல் தண்ணீரில் புல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மேய்ச்சலை நிறுத்தியது பறவைகளுக்கே நல்லதாக அமையவில்லை என்று, 1980களில் பத்தாண்டுகள் அங்கே இருந்து ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே சொல்ல வேண்டிவந்தது. எருமை, நீர், பறவை என்று ஒரு வரிசை இருந்தது. பறவை மட்டும் தெரியும் வட்டத்தின் வழியாகப் பார்த்தவர்களுக்கு எருமை படத்தில் விழுந்த இடைஞ்சலாகத் தெரிந்தது. 'கொஞ்சம் அந்தாண்ட போறீங்களா' என்று நான் கேட்டதற்கும் இதற்கும் இடையே துப்பாக்கி மட்டும்தான் வித்தியாசம் என்று சொன்னால் மிகை. ஆனால் வாக்கியம் ஒன்றுதான்.

இதற்கு மறுமுனையில் வேடந்தாங்கல். அங்கே பறவைகளைக் காக்கச் சொன்னவர்கள் ஊர்க்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய்ப் பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குப் பறவை ரசனை வந்துவிட்டதால் அல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். நெல் நன்றாக விளையும். தங்கள் வயிற்றின் வழியாகத்தான் அந்தக் கூழைக்கடாக்களையும் நத்தைகுத்தி நாரைகளையும் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். 2020இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றெல்லையை மூன்றாகக் குறைக்க அரசு திட்டம் போட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் நின்றது. அந்த நேரத்தில் என் கையில் இருந்த வேடந்தாங்கல் படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட உதவவில்லை. நாரை, கூடு, நீர்க்கடம்பு மரம், மறுபடியும் நாரை. அந்தக் கூட்டுக் குஞ்சுகளுக்கு நத்தையும் தவளையும் மீனும் கொடுத்த வயலும் வாய்க்காலும் ஊர்க்குளமும் எதிலும் இல்லை. நீக்கப் பார்த்த அந்த இரண்டு கிலோமீட்டர் வளையத்தைத்தான் நானும் என் படங்களிலிருந்து முன்கூட்டியே நீக்கி வைத்திருந்தேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் டெலஸ்கோப்பைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. காரணம், இதே கருவியால் எடுக்கப்படும் இன்னொரு வகைப் படம். யாரும் சட்டம் போட்டு மாட்டாத படம். மங்கல், நடுக்கம், பாதிப் பறவை, ஆனால் காலில் கட்டிய சின்னக் கொடியின் எழுத்து மட்டும் தெரிகிறது. முன்பெல்லாம் வளையமிட்ட பறவை எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் அதை மறுபடி பிடிக்க வேண்டும், அல்லது அது செத்துக் கிடைக்க வேண்டும். கொடியின் எழுத்தைத் தூரத்திலிருந்து வாசிக்க முடிந்த பிறகு பறவை தன்பாட்டுக்கு மேய்கிறது, தகவல் மட்டும் வருகிறது. கரண்டி மூக்கு உள்ளான் என்று ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவை. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோட்காவில் குஞ்சு பொரித்துவிட்டு, சீன, கொரியக் கடலோரங்கள் வழியாக இறங்கி வங்கதேசம், மியான்மர், தாய்லாந்துச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 2013 முதல் அவற்றில் சிலவற்றின் காலில் எழுத்து பொறித்த வெளிர்பச்சைக் கொடி கட்டினார்கள். சீனாவின் ருடோங் சேற்றுவெளியில் டெலஸ்கோப் வைத்துக்கொண்டு, பார்த்த பறவைகளில் எத்தனைக்குக் கொடி இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று பொறுமையாக எண்ணினார்கள். கொடி கட்டியவை எத்தனை என்பது தெரியும். விகிதம் தெரிந்தால் மொத்தம் தெரிந்துவிடும். 2014க்கு அவர்கள் கண்டடைந்த கணக்கு 210 முதல் 228 இனப்பெருக்க ஜோடிகள். உலகம் முழுக்க அவ்வளவுதான். அழகுப் படம் ஆயிரம் எடுத்தாலும் இந்த எண் வராது.

அதே கடலோரத்தில்தான் தென் கொரியாவின் செமாங்கும். 2006இல் 33 கிலோமீட்டர் கடல்சுவர் கட்டி மூடினார்கள். லட்சக்கணக்கில் கரைப்பறவைகள் இறங்கி இரையெடுத்த சேறு காய்ந்தது. அந்தச் சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கிப் பிழைத்த பெண்களுக்கும் பிழைப்புப் போயிற்று. பறவைகளுக்கும் அவர்களுக்கும் சாப்பாடு ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே பொருளில் இருந்தது. சுவரைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பறவைக்காரர்களும் சிப்பிக்காரர்களும் தனித்தனிப் படங்களில் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு வசதி.

ஆகவே என் ஆசை சின்னது. கறுப்பு வளையத்தை வெட்டாதீர்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சட்டகம் நிறைந்த படம், தான் மொத்தத்தையும் காட்டிவிட்டதாகப் பொய் சொல்கிறது. வளையத்தோடு இருக்கும் படம், 'ஒருவன் ஓர் ஓட்டை வழியாக இங்கிருந்து பார்த்தான்' என்று ஒப்புக்கொள்கிறது. பார்த்தவன் எங்கே நின்றான், எவ்வளவு தூரத்தில், நடுவில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றும். கூடவே ஒரு காரியம் செய்யலாம்: கைபேசியை டெலஸ்கோப்பிலிருந்து கழற்றி, அதே இடத்தில் நின்று அதே திசையில் வெறுங்கேமராவில் ஒரு படம். பறவை அதில் புள்ளியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பரிசுப் போட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டு, கபிலர் பாடியது, எல்லோருக்கும் தெரியும். தலைவன் கைவிட்டால் சாட்சி சொல்ல அங்கே யாருமில்லை, மீனுக்காகத் தண்ணீரில் நின்ற ஒரு குருகைத் தவிர. வகுப்பில் இதை உள்ளுறை அது இது என்று சொல்லித் தந்தார்கள். எனக்கு இப்போது வேறொன்று படுகிறது. அந்தப் பாட்டில் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தது பறவை, பார்க்கப்படும் இடத்தில் மனிதர்கள். பறவையோ தன் இரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழவேற்காட்டில் அன்று காலை பூநாரையும் அந்தப் பெண்ணும் ஒரே வேலையில்தான் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் கண்ணும் கையும் தண்ணீருக்குள். இரைக்கு இல்லாமல் வேறு எதற்கோ அங்கே நின்றவன் நான் ஒருவன்தான்.

ஒன்பது மணிக்கு அவர் கரையேறினார். பறியில் பாதிக்கு இறால். கோபமொன்றும் இல்லை. "இன்னா சார் அதுல தெரியுது?" என்று கேட்டார். கைபேசியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்க்கச் சொன்னேன். ஈரக்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கிட்டக்க வந்தா மாரி கீதே... காலு இம்மாம் நீட்டா?" பிறகு, "இது எங்க எறாவ துன்னுதா?" என்று கேட்டார். பொடிப்பூச்சி, பாசி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள், அதை வடிகட்டித் தின்னும் என்றேன். "அப்ப சரி" என்றார்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டெலஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்து, "இத்த அந்தப் பக்கம் திருப்ப முடியுமா சார்?" என்றார். தெற்கே, காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கும் பக்கம். துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை எதிர்த்து இந்தக் கரையின் மீனவர்கள் போராடி வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். டெலஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப எனக்குத் தோன்றியதே இல்லை. முக்காலியின் திருகைத் தளர்த்தித் திருப்பினேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. வட்டம் முழுக்கக் கானல்; அதற்குள் நெட்டுக்குத்தாக எதுவோ நாலைந்து நெளிந்துகொண்டிருந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார். "எட்துக்கோ" என்றார், விலகி நின்று. கைபேசியை மாட்டி எடுத்தேன். பிடிப்பான் சரியாக உட்காரவில்லை. படத்தில் இடது பக்கம் முழுக்க இருட்டு, நடுவில் கோணலாக ஒரு வட்டம், ஓரத்தில் அவருடைய பறியின் விளிம்பு. வெட்டாமல் வைத்திருக்கிறேன்.